ராஜபார்ட் மட்டும்தான் நடிப்பா?

நம்மூரில் ஒரு நடிகரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "இப்ப ஹீரோவா பண்றாரா?" என்பது. இல்லை என்று பதில் வந்தால் உடனே அனுதாபம் பிறந்துவிடும். "எப்படி இருந்த மனுஷன், இப்ப அப்பா வேஷத்துக்கு இறங்கிட்டார்" என்பார்கள். நடிகையாக இருந்தால், "அக்கா, அண்ணி, அம்மான்னு ஆயிடுச்சு" என்று ஒரு பெருமூச்சு. தொலைக்காட்சித் தொடருக்குப் போனவர் "ஃபீல்டு அவுட்". படம் இயக்கியவர் நடிக்க வந்தால் அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். நடித்தவர் படம் இயக்கப் போனால், கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார் என்று முன்கூட்டியே வருத்தப்படுவார்கள். "இவர்கள் இப்போது எங்கே?" என்ற தலைப்பில் யூடியூபில் ஓடும் நிகழ்ச்சிகள் இந்த அனுதாபத்தை நம்பியே நடக்கின்றன.

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. சினிமா வாழ்க்கை ஒரு படிக்கட்டு. உச்சிப்படியில் கதாநாயகன் நிற்கிறான். மற்ற படிகள் அங்கே ஏறிப் போவதற்காகவோ அங்கிருந்து விழுவதற்காகவோ இருப்பவை. இந்த நம்பிக்கை பொய். தமிழ் சினிமாவின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கிற யாருக்கும் பொய் என்று தெரிந்துவிடக்கூடியது. அது சிலர் மனதை நோகடிப்பதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நம் கண்ணெதிரே நடக்கும் அபாரமான நடிப்பையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுகிறது என்பதுதான் என் கோபம்.

1989-இல் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது. கமல்ஹாசனின் குள்ளன் வேடத்தைப் பற்றி மூன்று தலைமுறையாகப் பேசிவருகிறோம். அது எப்படி எடுக்கப்பட்டது என்று இன்றும் ஊகம் நடக்கிறது. நான் கேட்பது வேறு. அந்தப் படத்தில் கமலைச் சுற்றி நிற்பவர்கள் யார்?

வில்லன்கள் நான்கு பேர். ஒருவர் ஜெய்சங்கர். 1965-இல் 'இரவும் பகலும்' படத்தில் நாயகனாகவே அறிமுகமாகி, தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ரசிகர்கள் கொண்டாட வலம்வந்தவர். 1980-இல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்கு எதிராக வில்லனாக நின்றார். இன்னொருவர் டெல்லி கணேஷ். விமானப்படையில் வேலை பார்த்து, டெல்லியில் நாடகம் போட்டு, 1977-இல் 'பட்டினப் பிரவேசம்' வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். மூன்றாமவர் நாசர், ஆறு ஆண்டுகளில் 'அவதாரம்' என்ற படத்தைத் தானே எழுதி இயக்கப்போகிறவர். நான்காமவர் நாகேஷ். சர்க்கஸ் முதலாளியாக வரும் மௌலி நாடகக்காரர், படங்களை இயக்கியவர். தாயாக வருபவர் ஸ்ரீவித்யா. அவருக்கு அடைக்கலம் கொடுப்பவர் மனோரமா.

படிக்கட்டுக் கணக்குப்படி பார்த்தால் இந்தப் பட்டியலில் பாதிப்பேர் விழுந்தவர்கள், மீதிப்பேர் ஏறவே ஏறாதவர்கள். ஆனால் படத்தைப் பார்த்த யாருக்காவது அப்படித் தோன்றியதா? நாகேஷின் தருமராஜன் வேடத்தை நினைத்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் நம்மைச் சிரிக்கவைத்த அதே உடம்பு, அதே குரல். அதைக் கொண்டே நம் வயிற்றில் பயத்தை ஊற்றுகிறார். சிரிப்பு நடிகரிடம் நாம் வைத்திருந்த நம்பிக்கையைத்தான் அவர் கொடூரமாக மாற்றிக் காட்டினார். புதிதாக வந்த ஒரு முரட்டு வில்லனால் அது முடியாது.

நாகேஷைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை, "காமெடியனாக வந்தார், ஹீரோவாக உயர்ந்தார், மறுபடி கீழே வந்தார்" என்பது. தேதிகளைப் பாருங்கள். 1964-இல் 'சர்வர் சுந்தரம்' வந்தது. அதில் அவர் நாயகன். 1965-இல் கே. பாலசந்தரின் முதல் படமான 'நீர்க்குமிழி'யிலும் நாயகன். அதே 1965-இல்தான் 'திருவிளையாடல்' படத்தில் தருமியாகச் சில நிமிடங்கள் வந்துபோனார். 1968-இல் 'எதிர்நீச்ச'லில் மாது. அதே ஆண்டு 'தில்லானா மோகனாம்பா'ளில் வைத்தி. எது ஏற்றம், எது இறக்கம்? ஒரே ஆண்டில் ஒரு மனிதன் ஏறியும் இறங்கியும் இருக்க முடியுமா? தருமியை நம் வீடுகளில் இன்றும் குழந்தைகள் நடித்துக் காட்டுகிறார்கள். அவர் நாயகனாக நடித்த எத்தனை படங்களின் பெயர் அந்தக் குழந்தைகளுக்குத் தெரியும்? பிறகு 1994 வருகிறது. 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். வசனம் இல்லை, முகபாவம் இல்லை, ஆனாலும் கொட்டகை குலுங்கியது. அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த பேராசிரியராக நடித்துத் தேசிய விருது பெற்றார், சிறந்த துணை நடிகருக்காக. முப்பத்தைந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு. இதை வீழ்ச்சி என்று எழுத எந்தப் பேனாவுக்கு மனம் வரும்?

இந்தச் சுதந்திரம் திடீரென்று வந்ததல்ல. தமிழ் சினிமா நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. அங்கே ராஜபார்ட் உண்டு, ஸ்திரீபார்ட் உண்டு, கள்ளபார்ட் உண்டு, பபூன் உண்டு. பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பையன் குரல் உடையும்வரை பெண் வேடம் கட்டுவான். குரல் உடைந்தால் வேறு வேடத்துக்குப் போவான். வயது ஏறினால் இன்னொன்று. சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக மேடையேறியவர். ராஜபார்ட்டுக்கு மரியாதை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கள்ளபார்ட் போடுகிறவனை ராஜபார்ட் கிடைக்காமல் தோற்றுப்போனவன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நல்ல கள்ளபார்ட் இல்லாவிட்டால் கம்பெனிக்கு வசூல் இல்லை என்று வாத்தியாருக்கும் தெரியும், ஜனங்களுக்கும் தெரியும்.

1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' வந்தது. எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா, என்.எஸ். கிருஷ்ணன் மூவரும் திரைக்கு வந்த தொடக்கத்தில் ஒன்றாக நடித்த படம் அது. எம்.ஜி.ஆர். 11 ஆண்டுகள் கழித்து 'ராஜகுமாரி'யில் நாயகனானார். அவர் கதையை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம். என்.எஸ்.கே. சிரிக்கவைத்தார், பாடினார், வில்லுப்பாட்டுச் சொன்னார், 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். பாலையா கொடியவனாக நடித்து மிரட்டிவிட்டு, பின்னாளில் 'காதலிக்க நேரமில்லை'யில் மகன் சொல்லும் பேய்க்கதையைக் கேட்டு நடுங்கும் அப்பாவாக ஆனார். ஒரே வாசலில் நுழைந்த மூவர் மூன்று திசையில் போனார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் வென்றவராக நிறுத்திவிட்டால், தமிழ் சினிமாவின் சிரிப்பில் பாதியை நாம் தோல்விக் கணக்கில் எழுதியாக வேண்டும்.

அப்படியென்றால் இந்தப் படிக்கட்டு எங்கிருந்து முளைத்தது? என் பதில்: வியாபாரத்திலிருந்து. படத்தை விற்கும்போது விநியோகஸ்தர் கேட்கும் முதல் கேள்வி, ஹீரோ யார் என்பது. என்.எஸ்.சி., கோவை, எம்.ஆர்., டி.டி., டி.கே. என்று ஏரியா ஏரியாவாக விலை பேசப்படும்போது, மினிமம் கேரண்டி கொடுப்பதா, அவுட்ரேட்டில் வாங்குவதா என்று முடிவு செய்ய ஒரு பெயர் தேவைப்படுகிறது. போட்ட பணம் முதல் மூன்று நாளில் திரும்புமா என்ற கவலையில் இருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறே இல்லை. அது அவர் தொழில். ஆனால் அந்தக் கேள்வி எப்படி நம் கேள்வியானது? டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் நமக்கு ஏரியா விலையில் என்ன பங்கு? வியாபாரி தன் கணக்குக்காக வைத்திருந்த அளவுகோலை வாங்கி, ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் செய்த வேலையை அதால் அளக்கிறோம். பத்திரிகைகளும் இதில் சேர்த்தி. விமர்சனம் எழுதும் இடத்தில்கூட மார்க்கெட் நிலவரம்தான் எழுதப்படுகிறது.

பெண்கள் விஷயத்தில் இந்த அளவுகோல் செய்யும் அநியாயத்துக்கு ஸ்ரீவித்யாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது அவருக்கு வயது 22. பருவ வயது மகளுக்குத் தாயான பாடகி பைரவியாக நடித்தார். அந்தப் படத்தில் கமல்ஹாசன் அவரைக் காதலிப்பவர். அவரைப் பிரிந்துபோய்த் திரும்பிவரும் கணவராக ரஜினிகாந்த் அறிமுகமானார். 14 ஆண்டுகள் கழித்து 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் ஸ்ரீவித்யா கமலுக்குத் தாய். 1991-இல் 'தளபதி'யில் ரஜினிக்குத் தாய். ரஜினி அவரைவிட வயதில் மூத்தவர்; கமல் ஒரு வயதுதான் இளையவர்.

இதைப் பார்த்து இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "பாவம், மார்க்கெட் போச்சு" என்பது ஒன்று. "அவருடைய காலம் முடிந்தது, இவர்களுடைய காலம் நீடித்தது, இயற்கைதானே" என்பது மற்றொன்று. இரண்டுமே தப்பு. அவருடைய காலம் எங்கே முடிந்தது? இங்கே அம்மா வேடம் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் மலையாளத்தில் அவருக்காகவே பாத்திரங்கள் எழுதப்பட்டன. 'ரசனா', 'தெய்வத்தின்டெ விக்ருதிகள்' என்று நடித்து, கேரள அரசின் சிறந்த நடிகை விருதை 3 முறை வாங்கினார். கடைசியாக வாங்கியது 'தளபதி'க்கு அடுத்த ஆண்டு வெளிவந்த படத்துக்கு. வாளையாறு தாண்டினால் நாயகி, இந்தப் பக்கம் வந்தால் "இறங்கிப்போனவர்" என்றால், குறை ஸ்ரீவித்யாவிடம் இருந்திருக்க முடியாது. 35 வயதுப் பெண்ணுக்கு ஒரு கதை உண்டு என்று நம்ப மறுத்தவர்கள் நாம். அதை அவர் சரிவு என்று எழுதி வைத்தவர்களும் நாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா வேடங்களை அவர் கடமைக்குச் செய்தவரில்லை. 'தளபதி'யில் ரயில் சத்தம் கேட்கும்போது கல்யாணியின் முகத்தில் என்ன நடக்கிறது என்று மறுமுறை பாருங்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் பெற்ற பிள்ளையைக் கூட்ஸ் வண்டியில் விட்டவளின் ஆயுள்காலக் குற்றவுணர்வு அது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அதை மறைக்கவும் வேண்டும், நமக்குத் தெரியவும் வேண்டும். எம்.எல். வசந்தகுமாரியின் மகள் அவர்; எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்பது ரத்தத்திலேயே இருந்தது. நாயகி வேடங்களில் அவருக்கு இப்படி ஒரு தருணம் எத்தனை முறை கிடைத்தது? அம்மா என்றாலே சமையற்கட்டு வசனம் என்று எழுதுகிற கதாசிரியரைக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். நடித்தவரைத் தாழ்ந்தவர் என்று சொல்லாதீர்கள்.

ராதிகாவைப் பற்றியும் இதே குரலில் பேசினார்கள். 'கிழக்கே போகும் ரயில்' நாயகி சீரியலுக்குப் போய்விட்டார் என்றார்கள். 1999-இல் தொடங்கிய 'சித்தி' ஓடிய நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததை அந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. தயாரிப்பும் அவருடைய நிறுவனமே. சினிமாவில் பெரும்பாலான நாயகிகளுக்குக் கிடைக்காத அதிகாரம் அங்கே அவர் கையில் இருந்தது.

அடுத்து, "அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும்" என்ற உபதேசத்துக்கு வருவோம். நடிகர் இயக்கக் கூடாது என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் சாவித்திரி. 1968-இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு', அடுத்து தமிழில் 'குழந்தை உள்ளம்', 1971-இல் 'பிராப்தம்'. படம் எடுத்தார், பணம் போனது, வாழ்க்கை போனது என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் துயரத்தை எச்சரிக்கைப் பலகையாக மாட்டி வைத்திருக்கிறோம். அவருடைய துயரத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. குடும்பம் இருந்தது, நம்பியவர்கள் இருந்தார்கள், உடல்நலம் இருந்தது. அத்தனையையும் தள்ளிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதுதான் குற்றம் என்று சொல்வது எந்த நியாயம்?

அதே வேலையைப் பானுமதி 1953-இலேயே செய்தார். 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கி நடித்தார். கணவரோடு சேர்ந்து பரணி ஸ்டூடியோவை நடத்தினார். பாடினார், இசையமைத்தார், தெலுங்கில் சிறுகதைகள் எழுதிப் பெயர் வாங்கினார். எச்சரிக்கைக்கு சாவித்திரியைக் கூப்பிடுகிறவர்கள் தைரியத்துக்குப் பானுமதியை ஏன் கூப்பிடுவதில்லை? நஷ்டமடைந்த ஆண் தயாரிப்பாளர்கள் கோடம்பாக்கத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. அவர்களைக் காட்டி, ஆண்கள் படமெடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னதுண்டா?

சுஹாசினி தரமணியில் ஒளிப்பதிவு படித்து, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர். கேமராவுக்குப் பின்னால் இருந்தவரை மகேந்திரன் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் முன்னால் கொண்டுவந்தார். 1995-இல் 'இந்திரா'வை இயக்கியபோது, நடிகை இயக்குநராகிவிட்டார் என்று எழுதினார்கள். அவர் தன் முதல் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தார்.

மகேந்திரனின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளலாம். 'தங்கப்பதக்கம்' எழுதியவர், 1978-இல் 'முள்ளும் மலரும்', 1979-இல் 'உதிரிப்பூக்கள்'. வசனத்தைக் குறைத்து முகத்தைப் பேசவிட்டவர் என்று அவரைப் பாராட்டாத ஆளில்லை. 76 வயதில் 'தெறி'யில் வில்லனாக வந்தார். "இவருக்கு ஏன் இந்த வேலை" என்ற முணுமுணுப்பு எழுந்தது. நான் பார்த்தது வேறு. நடிகர்களிடம் அவர் கேட்டு வாங்கிய அடக்கத்தை இப்போது தன் முகத்தாலேயே செய்து காட்டினார். குரலை உயர்த்தாமல், கண்ணை உருட்டாமல் ஒரு வில்லன். அவருடைய இயக்கத்தைப் புரிந்துகொள்ள அந்த நடிப்பும் ஒரு பாடம்.

மணிவண்ணன் இன்னொரு வகை. 50 படங்களை இயக்கியவர், நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தவர். 'அமைதிப்படை'யில் சத்யராஜின் அமாவாசையோடு அவர் பேசும் அரசியல் வசனங்களைப் பாருங்கள். எழுதியவர், இயக்கியவர், எதிரே நின்று வாங்கிக் கொடுத்தவர் மூவரும் ஒருவரே என்பதால்தான் அந்த வேகம். அந்த சத்யராஜும் வில்லனாக வந்து, 'கடலோரக் கவிதை'களில் நாயகனாகி, 'அமைதிப்படை'யில் தகப்பனாகக் கொடியவனும் மகனாக நல்லவனும் ஆகி, கடைசியில் கட்டப்பாவாக இந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்தவர். எஸ்.ஜே. சூர்யா 'வாலி', 'குஷி' என்று இயக்குநராகப் பெயர் வாங்கினார். நாயகனாக நடித்த காலத்தைவிட 'மாநாடு' படத்தின் தனுஷ்கோடியில்தான் நடிகராக முழுமையாக வெளிப்பட்டார். சமுத்திரக்கனிக்கும் தம்பி ராமையாவுக்கும் தேசிய விருது நடிப்புக்குத்தான் கிடைத்தது, இருவரும் இயக்குநர்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும். "நீங்கள் சொல்வதெல்லாம் பெயர் வாங்கியவர்கள். பெயர் வாங்காமல் வடபழனி வாடகை வீடுகளில் காத்துக் கிடப்பவர்கள் கதை? ஹீரோவுக்குக் கோடி, மற்றவர்களுக்கு நாள் கணக்குச் சம்பளம் என்று இருக்கும்போது, உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்வது வயிறு நிறைந்தவன் பேச்சு இல்லையா?"

சம்பள வித்தியாசம் உண்மை. அதன் கொடுமையும் உண்மை. ஆனால் இந்தக் கேள்வி என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. படத்தின் பட்ஜெட்டில் பெரும்பங்கு ஒரே ஆளுக்குப் போவதை நாம் ஏன் கேள்வி கேட்பதில்லை? ஏனென்றால் அவர் ஒருவரே வென்றவர், மற்றவர்கள் வெல்லாதவர்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். தோற்றவனுக்குக் குறைவாகக் கொடுத்தால் யாருக்கு உறுத்தும்? குணச்சித்திர நடிகரின் வேலைக்கு வேலை என்ற மதிப்பு இருந்தால்தான் அவர் சம்பளத்தைப் பற்றியே பேச முடியும். படிக்கட்டு நம்பிக்கை அந்தப் பேச்சை ஆரம்பத்திலேயே அடைத்துவிடுகிறது.

வடபழனியில் காத்திருப்பவர்களுக்கும் இதே நம்பிக்கைதான் முதல் எதிரி. உதவி இயக்குநராகச் சேர்ந்து, பத்து ஆண்டுகளில் நல்ல இணை இயக்குநர் ஆனவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு துணை நடிகர்களைக் கலையாமல் நிறுத்துவார். எந்தக் காட்சியில் சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று சொல்வார். மழை வந்தால் அன்றைய ஷெட்யூலை அரைமணி நேரத்தில் மாற்றிப் போடுவார். அவர் இல்லாமல் எந்தப் பெரிய படமும் முடியாது. ஆனால் ஊருக்குப் போனால், கல்யாண வீட்டில் கேட்பார்கள்: "இன்னும் படம் பண்ணலையா?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே, தனக்குப் பொருந்தாத ஒரு கதையை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர். வசனம் எழுதுவதில் தேர்ந்தவர் இருக்கிறார், படத்தொகுப்பில் கண் உள்ளவர் இருக்கிறார். அதைச் செய்தால் இயக்குநர் ஆகாமல் தங்கிவிட்டதாக ஊர் சொல்லும் என்று நிராகரிக்கிறார்கள். அவர்களைக் காக்க வைத்திருப்பதில் சினிமாவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நம் வாய்க்கும் உண்டு.

சினிமாவை விட்டு வெளியே போனவர்களைப் பற்றிய பேச்சும் இதே ரகம். அரவிந்த்சாமி 'ரோஜா', 'பம்பாய்' என்று நடித்துவிட்டு வியாபாரத்துக்குப் போனார். 'கடல்' வழியாகத் திரும்பிவந்து 2015-இல் 'தனி ஒருவ'னில் சித்தார்த் அபிமன்யுவாக நின்றபோது எல்லாரும் மறுபிறவி என்றார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் உயிரோடுதான் இருந்தார். ஒரு கம்பெனியை நடத்துகிறவன் எப்படி உட்காருவான், எதிராளியை எப்படிப் பேசவிட்டுக் கேட்பான் என்று தெரிந்த உடம்பு அந்தப் படத்தில் வந்து நின்றது. சாருஹாசன் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர். 48 வயதில் 'உதிரிப்பூக்க'ளில் முதல்முறையாக நடித்தார். 1986-இல் கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படமான 'தபரன கதெ'யில், ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கடைநிலை ஊழியராக நடித்து நாட்டின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். கோர்ட்டு வாசலில் மனுவோடு நிற்கும் மனிதர்களைப் பல ஆண்டுகள் பார்த்த கண்ணுக்கு அந்த வேடம் எப்படிப் பிடிபட்டிருக்கும் என்று யோசித்தால், நடிப்புப் பயிற்சி எங்கெல்லாம் நடக்கிறது என்று விளங்கும்.

கடைசியாக, தன்னம்பிக்கைப் பேச்சாளர்களிடம் ஒரு வார்த்தை. மேடைதோறும் அவர்கள் சொல்லும் கதை விக்ரமுடையது. 1990-இல் முதல் படம், வரிசையாகத் தோல்விகள், 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதல'னில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்துப் பிழைத்தார், 1999-இல் 'சேது' வந்தது, ஜெயித்தார். காத்திருந்தால் கதவு திறக்கும் என்று முடிப்பார்கள். டப்பிங் அறையை அவர்கள் காத்திருப்போர் கூடமாகத்தான் பார்க்கிறார்கள். இன்னொருவருடைய உதட்டசைவுக்கு, இன்னொருவருடைய மூச்சுக்கு, தன் குரலால் உயிர் கொடுக்கும் வேலை அது. 'சேது'வின் இரண்டாம் பாதியில் சொல் இல்லாமல் வெறும் ஒலியாகவே ஒரு மனிதன் சிதைவதைக் கேட்டவர்கள், அந்த ஆண்டுகள் வீணாகப் போனவை என்று சொல்ல மாட்டார்கள்.

எம்.எஸ். பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காக 2025-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோதும், "தாமதமாக வந்த அங்கீகாரம்" என்றே பலரும் பேசினார்கள். விருது தாமதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கை தாமதமாகிவிட்டது என்ற தொனியைத்தான் ஏற்க முடியாது. டப்பிங், 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' போன்ற தொடர்கள், ஒரு காட்சி வந்துபோகும் சிரிப்பு வேடங்கள், 'மொழி'யில் மகன் இறந்த 1984-லேயே தங்கிவிட்ட பேராசிரியர் என்று அவர் செய்துவந்தவை எல்லாம் ஒரு நாயகன் வேடத்துக்கான மனுக்கள் இல்லை. 'பார்க்கிங்'கின் இளம்பரிதி வாடகை வீட்டில் குடியிருப்பவர். கார் நிறுத்தும் இடத்துக்காகத் தன் நிம்மதியையும் மாடியில் குடியிருப்பவர் நிம்மதியையும் எரித்துக்கொள்ளும் அரசு ஊழியர். அந்த மனிதர் மீது நமக்கு எரிச்சலும் வரவேண்டும், இரக்கமும் வரவேண்டும். பல இடங்களில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் வரவேண்டும். பாஸ்கர் அதைக் குரலில் செய்கிறார். மூச்சு எங்கே உடைய வேண்டும், எந்தச் சொல்லில் ஆத்திரம் அழுகைப் பக்கம் சாய வேண்டும் என்று ஒலிப்பதிவு அறைகளில் பல ஆண்டு நின்று கற்றதைச் செய்கிறார். தமிழில் எத்தனையோ நாயகர்கள் இருக்கிறார்கள். அந்த வேடத்தை அவர்களில் ஒருவரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.